தடித்த எழுத்து யாருக்கு?

எம். புதுப்பட்டி வட்டாரத்துப் பட்டாசு, சிவகாசி அச்சகங்களின் வண்ணச் சட்டை அணிந்தே ஊர்வலம் புறப்படுகிறது. அச்சட்டையின் எழுத்தும் திறனாய்வுக்கு உரியதே என்போம் நாம்.

உரோமன் எழுத்தின் கோடு முடியுமிடத்தில், கல்வெட்டுக் காலந்தொட்டே ஒரு சிறு பாதம் உண்டு. கோட்டைத் தடிக்கச் செய்தாலும் உருவம் கலையாது. தமிழெழுத்தோ ஓலைமீது எழுத்தாணியால் வளைந்து வளர்ந்தது. அதற்குப் பாதம் ஒட்டுவது, குதிரைக்குக் கொம்பு வைக்கும் வேலை! அளவின்றித் தடிப்பித்தால் ‘ண’வின் சுழியும் ‘ஞ’வின் வயிறும் மையால் அடைபடும்.

பெரியார் 1935-இல் ‘குடி அர’சில் புகுத்தி, தமிழக அரசு 1978-இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தின் பயனை இங்கேதான் காண்கிறோம். ‘லை, ளை, னை’ முதலியவற்றின் பழைய துதிக்கை ஒழிந்தது. ‘ணா, றா, னா’ தனிக்கால் பெற்றன. அச்சுக் கோப்போரின் பெட்டியில் அறைகள் குறைந்ததையே பலர் பாராட்டுவர். சுழிக்குள் சுழி ஒழிந்து, தடித்த எழுத்து தெளிவுற்றதை நாம் அதனினும் பெரிதென்போம்.

அந்தத் தெளிவு எதற்குப் பயன்படுகிறது? அண்மையில் நாம் கண்ட ஒரு பெட்டியில், இலட்சுமியின் காலடியில் சரக்கின் பெயர் கொழுத்து நின்றது. கையில் பிடித்துக் கொளுத்தாதே எனும் எச்சரிக்கையோ ஓர் ஓரத்தில், எறும்பு ஊர்ந்தாற்போல், அதுவும் ஆங்கிலத்தில்! எழுத்துக்கூட்டிப் படிக்கும் எட்டு வயதுச் சிறுவனன்றோ அப்பெட்டியைப் பிரிக்கிறான்? அழகுக்காகத் தடிப்பித்தோம் என்பார்களாயின், நாம் கேட்பது இதுதான்: சரக்கின் பெயரை மெலிய விடுங்கள், எச்சரிக்கையைத் தமிழில், தடித்த எழுத்தில், பெட்டியின் முகத்திலேயே அச்சிடுங்கள்.