மலாஹைடில் ஆடிய ஓ'பிரையன்

கெவின் ஓ'பிரையன் என்றாலே நம் ரசிகர்களுக்கு பெங்களூரு சின்னசாமி மைதானம்தான் நினைவுக்கு வரும். 2011 உலகக் கோப்பை, மார்ச் 2. இங்கிலாந்து 327 ரன் குவித்துவிட்டது. பதிலுக்கு ஆடிய அயர்லாந்து 111 ரன்னுக்கு 5 விக்கெட்டை இழந்து நின்றது. தலைமுடிக்கு இளஞ்சிவப்புச் சாயம் பூசியிருந்த அந்த ஆட்டக்காரர் 50 பந்தில் சதம் அடித்தார். மொத்தம் 63 பந்தில் 113 ரன், 13 பவுண்டரி, 6 சிக்ஸர். ஐந்து பந்து மீதமிருக்க அயர்லாந்து ஜெயித்தது. உலகக் கோப்பையின் அதிவேக சதம் என்ற அந்தச் சாதனை 2023 வரை நின்றது.

அது வெறும் முரட்டு அடி இல்லை. பெரும்பாலான ஃபீல்டர்கள் உள்வட்டத்தில் நிற்க வேண்டிய ஐந்து ஓவர் பேட்டிங் பவர்பிளேயை எப்போது எடுப்பது என்பது அன்று பேட் செய்யும் அணியின் கையில் இருந்தது. ஐந்து விக்கெட் போன அணிகள் அதைக் கடைசி ஓவர்களுக்கு ஒதுக்கி வைப்பதே வழக்கம். அயர்லாந்து 32-வது ஓவரிலேயே எடுத்தது. அந்த ஐந்து ஓவரில் 62 ரன் வந்தது. மறுமுனையில் அலெக்ஸ் கியூசக் நிதானமாகத் துணை நிற்க, 162 ரன் கூட்டணி அமைந்தது.

ஆனாலும் ஓ'பிரையனின் ஆகச் சிறந்த ஆட்டம் எது என்று கேட்டால், நான் 2018 மே மாதம் அயர்லாந்தின் மலாஹைடில் ஆடியதைத்தான் சொல்வேன்.

அயர்லாந்தின் முதல் டெஸ்ட் அது. எதிரணி பாகிஸ்தான். முதல் நாளை மழை கொண்டுபோனது. பாகிஸ்தானின் 310 ரன்னுக்குப் பதிலாக அயர்லாந்து 130-க்குச் சுருண்டது. அதில் அதிகபட்சமான 40 ரன் ஓ'பிரையனுடையது. ஃபாலோ ஆன். இரண்டாவது இன்னிங்ஸிலும் 157 ரன்னில் ஆறாவது விக்கெட் விழுந்தபோது, இன்னிங்ஸ் தோல்வியைத் தவிர்க்கவே இன்னும் 23 ரன் தேவைப்பட்டது. முகமது அப்பாஸும் ஆமிரும் பந்தை இரு பக்கமும் அசைத்துக்கொண்டிருந்தார்கள். பெங்களூருவில் பந்தைத் துவைத்தெடுத்த அதே கைகள் இங்கே பொறுத்திருந்தன. ஸ்டூவர்ட் தாம்சனுடன் 114 ரன் சேர்த்தார். 217 பந்தில் 118. அயர்லாந்தின் முதல் டெஸ்ட் சதம். அப்போது அவருக்கு வயது 34.

160 ரன் இலக்கைத் துரத்திய பாகிஸ்தான் 14 ரன்னுக்கு 3 விக்கெட்டை இழந்து தடுமாறித்தான் ஜெயித்தது. தோற்ற அணியில் இருந்தும் ஆட்ட நாயகன் விருது ஓ'பிரையனுக்கே போனது.

2006-ல் பெல்ஃபாஸ்டில் அயர்லாந்தின் முதல் ஒருநாள் போட்டியில் அறிமுகமானவர் அவர். மோர்கன் போன்ற திறமைசாலிகள் டெஸ்ட் ஆட இங்கிலாந்து போனபோதும் இவர் அயர்லாந்துக்கே ஆடினார். 153 ஒருநாள் போட்டிகள், 3,619 ரன், 114 விக்கெட். 2019-ல் ஓமனில் ஹாங்காங்குக்கு எதிராக டி20 சதமும் அடித்தார். டெஸ்டில் மட்டும் மூன்றே போட்டிகள். 258 ரன், சராசரி 51.60. இது என்னை இன்றும் கோபப்படுத்துகிறது. டெஸ்ட் அந்தஸ்தைக் கொடுத்தவர்கள் ஆட்டங்களைக் கொடுக்கவில்லை. 2019 ஜூலையில் லார்ட்ஸில் ஆடிய பிறகு அயர்லாந்துக்கு அடுத்த டெஸ்ட் கிடைத்தது 2023 ஏப்ரலில், மிர்பூரில். ஓ'பிரையன் அதற்கு எட்டு மாதம் முன்பே ஓய்வை அறிவித்துவிட்டிருந்தார்.