வெகுசனப் பாடல்வழி ஆங்கிலம் கற்பித்தல்: டிம் மர்ஃபியின் கருத்துகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கும் வகுப்பறைகளில் பாப் பாடல் பெரும்பாலும் பாடச்சுமைக்கு இடையிலான இளைப்பாறலாகவே இடம்பெற்று வந்துள்ளது. அதனை ஆராயத்தக்க பனுவலாகக் கொண்டவர்களுள் டிம் மர்ஃபி குறிப்பிடத்தக்கவர். 1990இல் ‘சிஸ்டம்’ இதழிலும் 1992இல் ‘டெசால் குவார்ட்டர்லி’ இதழிலும் வெளிவந்த அவருடைய கட்டுரைகள் இத்துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்பெறுகின்றன. ஆயின், முன்னது ஒரு கருதுகோள்; பின்னது தரவுகளின் வழிப் பெற்ற முடிவு. இவ்விரண்டையும் ஒரே தரத்தில் வைத்து நோக்குவது பொருந்தாது.

1992ஆம் ஆண்டுக் கட்டுரை 50 ஆங்கிலப் பாப் பாடல்களின் மொழியைப் பகுத்தாய்கிறது. சொற்கள் எளியவை, மீண்டும் மீண்டும் வருபவை, இயல்பான பேச்சின் வேகத்தில் ஏறத்தாழப் பாதி வேகத்தில் ஒலிப்பவை. இவை எவரும் எதிர்பார்க்கக்கூடியவையே. மர்ஃபியின் உண்மையான பங்களிப்பு வேறொன்று. தன்மை, முன்னிலை இடப்பெயர்கள் இப்பாடல்களில் மிகுதியாக வருகின்றன; ஆனால் ‘நான்’ யார், ‘நீ’ யார், எங்கு, எப்பொழுது என்பன பெரும்பாலும் சுட்டப்படுவதில்லை. அவ்வெற்றிடத்தில் கேட்பவர் தம்மையும் தமக்குரியவரையும் தம் காலத்தையும் இடத்தையும் இட்டு நிரப்பிக்கொள்கிறார். அகத்திணை மாந்தர்க்கு இயற்பெயர் சுட்டலாகாது என்னும் தொல்காப்பிய மரபில் பயின்றோர்க்கு இது புதிதன்று. எனினும் ஒப்புமைக்கு எல்லையுண்டு. அகப்பாடலில் தலைவி, தோழி என்னும் கூற்று வரையறையும், திணை தரும் நிலமும் பொழுதும் உள்ளன. பாப் பாடலில் அவையும் இல்லை.

இக்கண்டறிதலை ஏற்போமாயின், உலகெங்கும் பரவியுள்ள ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ என்னும் பாடல்தாள் பயிற்சி பாடலின் இயல்புக்கே முரணானது என்பது விளங்கும். கேட்பவர் தம் அனுபவத்தால் நிரப்பவேண்டிய இடம் அங்கே அச்சிட்ட ஒரே விடையால் நிரப்பப்படுகிறது. இப்பயிற்சி செவிப்புலனைச் சோதிக்கலாம். அதற்குச் செய்தியறிக்கை ஒன்றே போதும். அந்த ‘நீ’ யார் என மாணவரிடம் வினவி, அவர் கூறும் விடையை நான்கு வாக்கியமாக எழுதச் செய்தாலன்றிப் பாடலைத் தேர்ந்ததற்குத் தனிக் காரணம் இல்லை.

1990ஆம் ஆண்டுக் கட்டுரையின் நிலை வேறு. பாடல் ஒன்று தலைக்குள் விடாமல் சுழலும் அனுபவத்தை, ஸ்டீபன் கிராஷன் விளக்கிய ‘மனத்துள் ஒலிக்கும் மொழியிரைச்சல்’ என்பதோடு மர்ஃபி இணைத்துப் பார்க்கிறார். கிராஷன் கருத்துப்படி அவ்விரைச்சல் பொருள் விளங்கிய மொழியைப் போதிய அளவு கேட்டதன் விளைவு. பாடலோ பொருள் விளங்காமலும் ஒட்டிக்கொள்ளும். 1969இல் வெளிவந்த ‘ஆராதனா’ திரைப்படத்தின் இந்திப் பாடல்கள் தமிழகத்தில் இந்தி அறியாதாராலும் முணுமுணுக்கப்பட்டவை. அதனால் அவர்களுக்கு இந்தி வந்துவிடவில்லை. ஆகவே இரண்டும் ஒரே மனநிகழ்வு எனக் கொள்வதற்குரிய சான்று போதாது. மர்ஃபி தம் கட்டுரைத் தலைப்பிலேயே வினாக்குறி இட்டிருந்தார். அவரை மேற்கோள் காட்டுவோர் அக்குறியை மறந்துவிடுகின்றனர்.

பாடுதலுக்கு ஆதரவாக அடிக்கடி காட்டப்பெறும் மற்றொரு சான்று, கேரன் லட்கியும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட சோதனை. வயதுவந்த 60 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஹங்கேரியத் தொடர்களைப் பேசியும், தாளத்தோடு பேசியும், பாடியும் 15 நிமிடம் பயின்றனர். தொடரை நினைவிலிருந்து ஹங்கேரிய மொழியில் சொல்லவேண்டிய தேர்வுகளில் பாடியோர் முந்தினர். கட்டுப்பாட்டுடன் நிகழ்த்திய நல்ல சோதனை இது; தாளம் மட்டுமே காரணமன்று என்பதையும் காட்டுகிறது. ஆனால் அங்கே கற்கப்பட்டது ஆங்கிலமன்று. பயன்பட்டது சந்தையில் விற்கும் பாப் பாடலுமன்று. அளக்கப்பட்டது கேட்ட தொடரை மீளச் சொல்லும் திறன். கேட்ட தொடரிலிருந்து கேளாத தொடரை ஆக்கும் திறன் அளக்கப்படவில்லை.

ஒலிப்பும் ஒரு சிக்கல். ஆங்கிலப் பேச்சில் அழுத்தமற்ற அசையின் உயிர் குறுகித் தேயும். இசையில் அதே அசை நீண்ட சுரத்தில் அமைந்து முழு உயிராக ஒலிக்கக்கூடும். அன்றியும், பிரித்தானியப் பாடகர்கள் பாடும்போது அமெரிக்க ஒலிப்பை மேற்கொண்டதைப் பீட்டர் டிரட்கில் 1983இல் எடுத்துக்காட்டினார். பீட்டில்ஸ் குழுவினரின் தொடக்கக்காலப் பாடல்களில் மிகுந்திருந்த அப்போக்குப் பிற்காலத்தில் குறைந்தது. எனவே ஒரே குழுவின் இரு இசைத்தட்டுகள் மாணவர்க்கு இருவேறு ரகர ஒலிப்பைக் கற்பிக்கும். இலக்கணத்தைப் பொறுத்தவரை அச்சம் மிகைப்பட்டது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 1965ஆம் ஆண்டு ‘சாடிஸ்பேக்‌ஷன்’ பாடலின் முழுத் தலைப்பிலேயே இரட்டை எதிர்மறை உள்ளது. அதனைப் பிழையென அடித்துத் திருத்தாமல், யார் எச்சூழலில் அவ்வாறு பேசுவர் என விளக்கினால் அது கிளைமொழிப் பாடமாகிவிடும்.

இனிவரும் ஆய்வுகள் பாடலுக்குப் பின் மாணவர் எத்தனை வரிகளை நினைவில் வைத்துள்ளார் என எண்ணுவதோடு நில்லாமல், அப்பாடலில் பயின்ற ஒரு வாக்கிய அமைப்பைச் சில வாரங்கள் கழித்து, இசையின்றி, வேறு சொற்களோடு அவர் தாமாகக் கையாள்கிறாரா என்பதை அளத்தல் வேண்டும்.