750 டாலர் என்கிற பிரதி

2020 செப்டம்பர் கடைசியில் நியூயார்க் டைம்ஸ் டொனால்ட் ட்ரம்ப்பின் வரிக் கணக்கை வெளியிட்டது. 2016, 2017 இரண்டிலும் வருஷத்துக்கு 750 டாலர்தான் கூட்டாட்சி வருமான வரி. சொந்தப் பொறுப்பில் வாங்கிய கடனோ 42.1 கோடி டாலர். எல்லாம் பொய் என்றார் அவர்.

எதிர்த்தரப்பு சிரித்தது. 'அவரைவிட நான் அதிக வரி கட்டினேன்' என்று ஸ்டிக்கர் அடித்து விற்றது பைடன் முகாம். சம்பளத்திலேயே வரி பிடித்தம் போகிறவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும், அது நியாயம். ஆனால் சிரிப்பு எதைப் பார்த்து? ஆள் உண்மையில் ஓட்டாண்டி என்பதைப் பார்த்து. ஆக, பணமிருந்தால்தான் மதிப்பு என்கிற அவருடைய சொல்லாடலுக்குள் நின்றுகொண்டே அவரைக் கேலி செய்திருக்கிறார்கள். ஆதரவாளர்களுக்கோ இது சாமர்த்தியம். 2016 விவாத மேடையில் அவரே அப்படித்தானே சொன்னார்!

இரண்டு தரப்புமே வாசிக்காமல் விட்ட பிரதி ஒன்று உண்டு: வரிச்சட்டம். கட்டடத் தேய்மானத்தை வருமானத்தில் கழிக்கலாம், ஒரு வருஷத்து நஷ்டத்தை அடுத்தடுத்த வருஷங்களுக்குத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று எழுதி வைத்திருப்பது அதுதான். வாடகைக்குக் குடியிருக்கிறவன் எந்தத் தேய்மானத்தைக் கழிப்பான்? அவன் உடம்பின் தேய்மானத்துக்கு அதில் பத்தி கிடையாது.

2022 டிசம்பரில் பிரதிநிதிகள் சபைக் குழு ஆறு வருஷக் கணக்கைப் பகிரங்கமாக்கியது. 2024இல் அவர் திரும்பவும் ஜெயித்தார்.