திருவேங்கடத்து இறைவன் பெயர்கள்: பொய்கையாழ்வாரும் அன்னமாச்சாரியரும்

முன்னுரை

இறைவனுக்குப் பெயர் பல என்பது சமயவாணர் பலரும் ஒப்பும் கருத்தாகும். ஆயின் அப்பெயர்களை இடுபவர் யார், இடப்பட்ட பெயர் இறைவனைச் சுட்டுகின்றதா அழைப்பவனைச் சுட்டுகின்றதா என்னும் வினாக்கள் எழுகின்றன. இவற்றை ஆராய்தற்கு ஏற்ற களம் திருவேங்கடம். தமிழும் தெலுங்கும் சந்திக்கும் எல்லையில் உள்ள அம்மலையின் இறைவன் திருவேங்கடமுடையான், ஏழுமலையான், ஸ்ரீநிவாசன், வேங்கடேசுவரன், பாலாஜி எனப் பலவாறு அழைக்கப்பெறுகின்றான். 'எல்லாம் ஒன்றே' எனக் கூறி இப்பெயர்களைக் கடந்து செல்வார் ஒரு சாரார். இவற்றையே உரிமைச் சான்றாக்குவார் மற்றொரு சாரார். இவ்விரு நோக்கும் பெயர்களின் பொருளை முழுமையாக உணர்த்தவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

நிலம் தந்த பெயர்

அகநானூற்றில் மாமூலனார் பாடும் வேங்கடம் புல்லி என்னும் தலைவனின் மலை. வேற்றுமொழி வழங்கும் நாட்டிற்குச் செல்வோர் கடக்கும் பாலைவழி. அங்கு விழாச்சிறப்பு உண்டு. விழாவிற்குரிய தெய்வத்தின் பெயர் இல்லை. சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையவன் வாய்மொழியில்தான் அம்மலைமேல் நின்ற கோலத்து நெடியோன் தெளிவாகப் புலப்படுகின்றான். எனவே மலையின் பெயர் முந்தியது. அதனைக் கொண்டு இறைவன் பெயர் பெற்றது பிந்தியது. திருவேங்கடமுடையான் என்பதும் வேங்கடேசன் என்பதும் 'வேங்கடத்திற்கு உரியவன்' என்னும் ஒரே பொருளை இரு மொழியில் உரைப்பன. ஏழுமலையான் என்னும் தமிழ்ப்பெயருக்கும் ஏடுகொண்டலவாடு என்னும் தெலுங்குப்பெயருக்கும் உள்ள உறவும் அத்தகையதே.

வெம்மை மிக்க காட்டுவழி என்பது வேங்கடம் என்னும் சொல்லுக்குத் தமிழறிஞர் தரும் விளக்கங்களுள் ஒன்று. புராணமரபோ பாவங்களை எரிப்பது எனப் பொருள் கூறும். இரண்டிலும் எரிதல் உண்டு. நிலத்தின் வெம்மை வினையைச் சுடும் வெம்மையாக மாறியதில் பாலைநிலம் திருத்தலமான வரலாறு அடங்கியுள்ளது எனலாம்.

படிமங்களின் பெயர்மாற்றம்

கி.பி. 966இல் சாமவை என்னும் பல்லவ அரசி வெள்ளிப் படிமம் ஒன்றைத் திருமலையில் எழுந்தருளுவித்தாள். கல்வெட்டு அதனை மணவாளப்பெருமாள் என்கிறது. இன்று அது போக ஸ்ரீநிவாசர் எனப்படுகின்றது. வேங்கடத்துறைவார் என வழங்கிய படிமம் இன்று உக்கிர ஸ்ரீநிவாசர் ஆகியுள்ளது. 14ஆம் நூற்றாண்டு முதல் கல்வெட்டுகளில் காணப்படும் மலைகுனிய நின்ற பெருமாள் மட்டும் மலையப்பசுவாமி என்னும் பெயரில் தமிழ்ச்சொல்லைத் தாங்கி நிற்கின்றார்.

இதனை வடமொழியாக்கம் என ஒரு சொல்லில் முடித்துவிட இயலாது. போக ஸ்ரீநிவாசர் கருவறை வழிபாட்டிற்குரியவர். உக்கிர ஸ்ரீநிவாசர் ஆண்டுக்கொருமுறை கைசிகத் துவாதசியன்று வெளிவருபவர். மலையப்பரோ திருவீதிகளில் மக்கள் காண உலா வருபவர். கருவறைக்குள் அமைந்த படிமங்கள் சடங்குமரபின் பெயரை ஏற்றன. மக்கள் முன் வந்த படிமம் மக்கள் நாவிலிருந்த பெயரைக் காத்துக்கொண்டது எனக் கருத இடமுண்டு. தெலுங்கு பேசும் அடியாரும் தயக்கமின்றி 'மலையப்ப' என்றே அழைப்பது இங்குக் கருதத்தக்கது.

இருவர் நோக்கு

முதல் திருவந்தாதியின் 44ஆம் பாசுரத்தில் பொய்கையாழ்வார், அடியார் விரும்பிய உருவமே இறைவனின் உருவம், அவர் விரும்பிய பெயரே அவன் பெயர் என்கிறார். பேயாழ்வார் மூன்றாம் திருவந்தாதியின் 63ஆம் பாசுரத்தில் இம்மலை இறைவனிடம் சிவனுக்கும் திருமாலுக்கும் உரிய அடையாளங்களை ஒருங்கே காண்கின்றார்.

ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் அதே மலையில் வாழ்ந்து பாடிய தாள்ளபாக அன்னமாச்சாரியர் (1408-1503), 'எந்த மாத்ரமுன' எனத் தொடங்கும் தெலுங்குக் கீர்த்தனையில் இக்கருத்தை விரிக்கின்றார். வைணவர் விஷ்ணு என்பர். வேதாந்திகள் பரப்பிரமம் என்பர். சைவர் சிவன் என்பர். காபாலிகர் ஆதிபைரவன் என்பர். சாக்தர் சக்தி வடிவம் என்பர். மாவின் அளவே பணியாரம் அமைவதுபோல, நினைப்பவர் அளவே இறைவனும் அமைகின்றான் என்பது அவர் காட்டும் உவமை.

இருவர் கூற்றும் ஒன்றுபோல் தோன்றினும் அழுத்தம் வேறு. பொய்கையாரிடம் பெயர் இறைவனின் எளிமைக்குச் சான்று: அடியாரிடம் அவனே இறங்கி வருகின்றான். அன்னமாச்சாரியரிடம் பெயர் அடியாரை அளக்கும் கோல்: சிறிதாக நினைப்பவனுக்குச் சிறியவன், பெரிதாக நினைப்பவனுக்குப் பெரியவன். முன்னது அருளைப் பேசுகின்றது. பின்னது அழைப்பவனின் பொறுப்பைப் பேசுகின்றது.

மேலும் ஓர் ஒற்றுமை குறிப்பிடத்தக்கது. எப்பெயரும் தகும் என்ற பொய்கையார் பாசுரத்தை ஆழியான் என்னும் பெயரோடு முடிக்கின்றார். அனைத்துப் பெயர்களையும் அடுக்கிய அன்னமாச்சாரியரும் இறுதியில் வேங்கடபதியையே சரணடைகின்றார். பிறர் இட்ட பெயரை மதிப்பதற்காகத் தம் பெயரைக் கைவிட வேண்டும் என இருவரும் கருதவில்லை.

பெயரும் உரிமையும்

1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. வேங்கடமே தமிழகத்தின் வட எல்லை என்னும் தொல்காப்பியப் பாயிரக் கருத்தை முன்னிறுத்தி ம.பொ. சிவஞானம் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினார். 1960இல் திருத்தணி தமிழகத்திற்குக் கிடைத்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. அம்மலையில் தமிழ் வழங்கிய தொன்மைக்குப் பழம்பெயர்கள் உறுதியான சான்றுகள். அதனை மறைத்தல் தகாது. ஆயின் வட்டிகாசுலவாடு, ஆபதமொக்குலவாடு என்னும் தெலுங்குப் பெயர்களும் எளிய மக்களின் அனுபவத்தில் பிறந்தவை. காணிக்கையையும் நெருக்கடியில் நேர்ந்த வேண்டுதலையும் பெயராக்கிய இவற்றை இரவற்பெயர்கள் எனல் பொருந்தாது.

வடநாட்டு அடியார் வழங்கும் பாலாஜி என்னும் பெயரில் மலையின் சுவடு இல்லை. 2022இல் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது வரைவில் 'ஸ்ரீ பாலாஜி' எனக் குறிக்கப்பட்ட மாவட்டம், இறுதியில் 'திருப்பதி' என ஊர்ப்பெயரையே பெற்றது. நிலத்தின் பெயருக்குள்ள வலிமையை இந்நிகழ்வும் காட்டுகின்றது.

முடிவுரை

வேங்கடத்து இறைவன் பெயர்கள் நிலத்தையும் சடங்கையும் அடியார் வாழ்வையும் தனித்தனியே பதிவு செய்கின்றன. 'எல்லாம் ஒன்றே' என்பார் இவ்வேறுபாட்டை இழக்கின்றனர். 'எமக்கே உரியது' என்பார் பிறர் அனுபவத்தை இழக்கின்றனர். தம் பெயரில் ஊன்றி நின்று பிறர் பெயரையும் ஏற்ற பொய்கையாரும் அன்னமாச்சாரியரும் காட்டும் நெறியே இப்பெயர்களைப் படிப்பதற்கு உரிய நெறியாகும்.