கொம்பாய் செகுண்டோ: மறுமுனை ஆட்டக்காரர்

எண்பத்தெட்டு வயதில் பாடி உலகப் புகழ் பெற்ற கியூபாக்காரர். கொம்பாய் செகுண்டோவைப் பற்றிய பேச்சு எப்போதும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வயதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது சுலபம். அந்தச் சத்தத்தில் அவருடைய ஆட்டம் கேட்காமல் போய்விடுகிறது.

1996 மார்ச்சில் ஹவானாவின் எக்ரெம் ஸ்டூடியோவில் பதிவான ‘புவேனா விஸ்தா சோஷியல் கிளப்’ ஆல்பத்தின் முதல் பாட்டு ‘சான் சான்’. இயற்றியவர் இவர்தான். ஆனால் முன்னால் நின்று பாடுவது எலியாதெஸ் ஓச்சோவா. தன் பாட்டுக்கே இவர் இரண்டாம் குரல்! கனத்த அடிக்குரலில், மெட்டுக்குக் கீழே தனியாக ஒரு தடம் பிடித்து, பதறாமல் போகிறார். மறுமுனையில் விக்கெட்டைக் காத்து நிற்கும் பேட்ஸ்மேன் மாதிரி. பாட்டு முழுக்கச் சுற்றிச் சுற்றி வருவது நாலே நாலு கித்தார் கார்டுதான். அப்படியும் அலுப்புத் தட்டவில்லை என்றால், அந்த இரண்டு குரல்களும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் விதம்தான் காரணம் என்பேன்.

1907இல் கியூபாவின் சிபோனேயில் பிறந்து சாந்தியாகோவில் வளர்ந்தவர். இயற்பெயர் பிரான்சிஸ்கோ ரெபிலாதோ. முதலில் கிளாரினெட்காரர். நகராட்சி பேண்டிலும், பிறகு மிகெல் மாதாமோரோஸ் குழுவிலும் ஊதினார். குழுவுக்குள் அடங்கி வாசிக்கும் பழக்கம் அங்கேயே படிந்திருக்க வேண்டும். 1940களில் லொரென்சோ இயெரெசுவேலோவோடு ‘லோஸ் கொம்பாத்ரெஸ்’ ஜோடி. அவர் முதல் குரல், இவர் இரண்டாவது. ‘செகுண்டோ’ (இரண்டாவது) என்ற மேடைப்பெயரும் அதிலிருந்துதான் ஒட்டிக்கொண்டது.

கையிலிருந்த ஆர்மோனிகோவும் இவரே உருவாக்கிய வாத்தியம். கித்தாருக்கும் கியூபாவின் தந்திக் கருவியான ‘த்ரெஸ்’ஸுக்கும் நடுவே ஒரு வார்ப்பு, ஏழு தந்தி, அதில் ஒன்று இரட்டை. கித்தாரைப் போலக் கார்டும் பிடிக்கலாம், த்ரெஸ் போலக் கணீரென்று தனித்தும் மீட்டலாம். குரலில் பின்னால் நின்றவர், இந்தக் கருவியில் மட்டும் துணிந்து முன்னால் வந்துவிடுவார். 

1955இல் ஜோடியிலிருந்து விலகினார். அப்புறம் பல வருடம் ஹவானாவில் எச். உப்மன் ஆலையில் சுருட்டு சுற்றும் வேலை. (கடைசிவரை சுருட்டை விடவுமில்லை, டாக்டர்கள் மன்னிக்க.) ‘புவேனா விஸ்தா’ ஆல்பத்துக்குப் பிறகு 1998இல் நியூயார்க்கின் கார்னகி ஹால், 1999இல் அந்த ஆல்பத்தின் கலைஞர்களைப் பற்றிய விம் வெண்டர்ஸின் படம், 2003 ஜூலையில் 95 வயதில் மரணம்.

அந்தப் படத்தில் கேமரா தேடுவது தொப்பியையும் சுருட்டையும். பாட்டுக்காரரைத் தேடுகிறவர்கள் பழைய லோஸ் கொம்பாத்ரெஸ் பதிவுகளுக்குப் போக வேண்டும். நாற்பது வயதிலேயே அந்த அடிக்குரல் கெட்டியாக நிற்கிறது.