பூசணி, ஒருதரம்!

மாற்றலாகி வந்த புது ஐயர், அதாவது சபைப் போதகர், ஊரைப் படிக்க, கோயிலின் அறுப்பின் பண்டிகை ஏலத்தைவிட நல்ல இடம் கிடையாது. 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷன் திண்டிவனத்தில் காலூன்றியது. அதன் சபைகள் 1947-லிருந்து தென்னிந்தியத் திருச்சபையில். அவற்றில் வல்லம், செஞ்சிப் பக்கத்துச் சிற்றூர்க் கோயில்களில் ஏலத்துக்குக் காணிக்கையாகச் சேர்வது மணிலாக்கொட்டை, நெல், கால் கட்டிய சேவல். கடையில் 40 ரூபாய்க்குக் கிடைக்கிற பூசணி இங்கே 500-ஐத் தாண்டும். எடுத்தவரே, "திரும்பவும் ஏலம் விடுங்க ஐயா" என்று மேசைமேல் வைத்துவிடுவார். யார் வீம்புக்குக் கேட்கிறார், யார் விட்டுக்கொடுக்கிறார், எந்தப் பங்காளிகளுக்குள் பேச்சில்லை, எல்லாம் அரைமணியில் வெளிச்சம். இறையியல் கல்லூரியில் இதற்கெல்லாம் ஏது பாடம்! சேவலை மட்டும் யாராவது எடுத்து, மறுபேச்சில்லாமல் ஐயரம்மா கையில் கொடுத்துவிடுவார்கள்.