மூன்று சிலிண்டர் சத்தம்

வத்தல்மலையில் பெரிய டிராக்டருக்கு மரியாதை கிடையாது. காப்பியும் மிளகும் நிழல் மரங்களோடு நெருங்கி நிற்க, சரிவுத் துண்டுகளில் சாமையும் கேழ்வரகும். 45 குதிரைத்திறன் வண்டி திரும்புவதற்குள் ஒரு வரிசைச் செடி போய்விடும்.

ஆகவே குட்டி வண்டி. மஹிந்திரா யுவராஜ் 215-க்கு 15 குதிரைத்திறன், ஒரே சிலிண்டர். பம்புசெட்டுக்குச் சக்கரம் கட்டியது போலச் சத்தம். சமநிலத்தில் சமர்த்து. மேட்டிலோ பின்சக்கரம் மட்டும் சுற்றி மண்ணைப் பறிக்கும்.

அடுத்த படி, குபோட்டா பி2441 போன்ற பழைய வண்டி: 24 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர். கூடுதலான 9 குதிரைகளைவிட, முன்சக்கரமும் சேர்ந்து இழுப்பதுதான் மலைக்காரருக்கு லாபம்.

பழைய வண்டி பார்ப்பது தனிக் கலை. விவரமானவர் புதுப் பெயின்ட்டை ஏறிட்டும் பார்ப்பதில்லை. குனிந்து கிளட்ச் மிதியைத் தடவுவார். மணி மீட்டர் 600 காட்ட, மிதி வழுவழுவென்று தேய்ந்திருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்வார். ரொட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, டீ குடித்துவிட்டு வருவார். அதற்குள் அது தரைக்கு வந்திருந்தால் ஹைட்ராலிக்கில் கசிவு. முன் அச்சு முனையில் எண்ணெய்ப் பிசுக்கென்றால் சீல் போச்சு. அது சில்லறைச் செலவல்ல.

ஆர்.சி.யில் கடன் பதிவு நீங்கியிருக்கிறதா என்று பார்த்து, படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கியதும் வண்டி மலையேறும். வயலில் தனித்தனியாக மிதிபடும் இரண்டு பிரேக் மிதிகளையும் அடிவாரத்திலேயே கொக்கி போட்டு இணைத்துவிடுவார்கள்.